பொறவு

விளக்கை அணைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை வடிவு பக்கம் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் அவள் முகத்திலிருந்து ஏதாவது தெரிந்திருக்கும், ராத்திரி ரயிலில் என்னோடு ஊருக்கு வருகிறாளா, இல்லை மகளோடு இங்கேயே இருந்துவிடப் போகிறாளா என்று. நான் பார்க்கவில்லை. எதிரே இருந்த வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஒன்றும் ஓடாதபோதே. இப்போது பக்கத்து நாற்காலியில் அவள் இருப்பதற்கு வளையல் சத்தம்தான் அடையாளம், அதுவும் ஏசி குளிருக்கு அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டபோது ஒரு தடவை கேட்டதோடு சரி. சட்டைப் பையில் இரண்டு டிக்கெட் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் அவள் படுக்கும் அறையை எட்டிப் பார்த்தேன், ஊரிலிருந்து கொண்டுவந்த பச்சை வயர் கூடை ஆணியில் காலியாகத் தொங்கியது. அதற்கு என்ன அர்த்தம்? துணியெல்லாம் வேறு பையில் எடுத்து வைத்திருக்கலாம். காலையில் இட்லி வைக்கும்போது கேட்டேன், சாயங்காலம் படம் முடிஞ்சதும் அப்படியே எழும்பூர் போயிருவோம்லா என்று. மொதல்ல படத்தப் பாப்போம் என்றாள். இன்னொரு இட்லி வைத்தாள். நான் சாப்பிட்டேன். ஒரு மாதமாக மகள் வீட்டில் இருந்தவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன், கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருக்கிறது, சென்னைத் தண்ணி ஒத்துக்கொண்டது போல என்று நினைத்தேன். தண்ணி என்றுதான் நினைத்தேன். முப்பது வருஷம் கூட இருந்தவன் நினைத்தது அது.

திரையில் எழுத்து வருகிறது. பொறவு. அவ்வளவுதான் படத்தின் பெயர். எனக்குக் கூச்சமாக இருந்தது, சாலிகிராமத்தில் ஒரு சின்னத் தியேட்டரில் கண்ணாடி போட்ட இளவட்டங்களுக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பேச்சை இவ்வளவு பெரிசாக எழுதிப் போட வேண்டுமா? பின்வரிசையில் ஒருவன் கேட்கிறான், பொறவுன்னா என்னடா மச்சி? இன்னொருவன் சொல்கிறான், பிறகுடா, அவ ஊர் சைடுல அப்படித்தான் சொல்லுவாங்க, அதாவது உலகம் அழிஞ்சதுக்கு அப்புறம். சரிதான், நானும் அப்படித்தான் நினைத்தேன். படத்தை எடுத்த என் மகள் பிரியா போனில் சொல்லியிருந்தாள், உலகம் முடிஞ்சபொறவு ஒரு குடும்பம் எப்படிப் பொழைக்குதுன்னு படம்ப்பா. உலகம் முடிஞ்சா குடும்பம் எப்படிட்டி இருக்கும் என்று கேட்டேன். அதாம்ப்பா படம் என்று சிரித்தாள். அடுத்த எழுத்து. எழுத்து, இயக்கம், வ. இசக்கிப்ரியா. எழுத்துப் பிழை. சி. என்று வர வேண்டும், என் பெயர் சிவனணைந்தபெருமாள், பள்ளிக்கூடச் சான்றிதழிலிருந்து எல்லாவற்றிலும் அவள் சி.தான். இத்தனை பேர் வேலை பார்த்திருக்கிறார்கள், ஒருத்தர் கண்ணிலுமா படவில்லை, முடிந்ததும் சொல்ல வேண்டும், திருத்திவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே புரிந்தது. வ. வடிவு. பிழை இல்லை. பக்கத்தில் வளையல் அசைகிறதா என்று காது கொடுத்தேன். அசையவில்லை. ஒருவேளை அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும், ஒரு மாதமாக ஒரே வீட்டில் இருந்து பேசாமலா இருந்திருப்பார்கள். எனக்குத்தான் எல்லாமே கடைசியில் வந்து சேர்கிறது. கடைசியில் என்றா சொன்னேன், எங்கள் வீட்டில் எனக்கு எது கடைசியாக வந்தது?

சாம்பல் பெய்கிறது. பஞ்சு மாதிரி, சத்தமில்லாமல், ஒரு பஸ் மேல். ஓடாத பஸ், டயரெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது, ஜன்னல்களில் தகரம் அடித்திருக்கிறது, ஓட்டை வழியாக ஒரு கண் வெளியே பார்க்கிறது. சூரியனே கிடையாது, பகல் என்பது கொஞ்சம் வெளுத்த இருட்டு. அந்த பஸ்ஸுக்குள் ஒரு அப்பா, ஒரு அம்மா, ஏழு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை. அப்பாவின் கழுத்தில் விசில் தொங்குகிறது. அது என் விசில்தான், நூல்கூட அதே கறுப்பு நூல். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த காலமெல்லாம் என் கழுத்தில் கிடந்தது, நான் ஊதினால் வண்டி கிளம்பும், ஊதாவிட்டால் மந்திரி உட்கார்ந்திருந்தாலும் கிளம்பாது. பிரியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதை எடுத்து ஊதி அடி வாங்கியிருக்கிறாள். திரையில் அந்த அப்பா வெளியே போவதற்கு முன்னால் கதவுக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்க்கிறான், பூட்டிய பிறகும் திரும்பி வந்து பார்க்கிறான், பின்னால் யாரோ சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது, அப்படியே நான்தான். நாய்க்கூட்டத்தைக் கம்பால் விரட்டுகிறான். இடிந்த கடையொன்றிலிருந்து அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக் கொண்டுவருகிறான், நுரையீரலே வெளியே வந்துவிடும் போல இருமுகிறான், படியில் கால் வைத்ததும் குழந்தையைப் பார்த்து விசிலை மெதுவாக ஊதுகிறான், வண்டி கிளம்பிருச்சு. குழந்தை சிரிக்கிறது. என் மகள் என்னைக் கதாநாயகன் ஆக்கியிருக்கிறாள். கண் கலங்கிவிட்டது. இருட்டில் யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொண்டேன். வ. என்று போட்டால் போட்டுவிட்டுப் போகிறாள், இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறாளே, இது போதாதா. படம் முடிந்ததும் வடிவும் கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். பழையபடி என்று நான் நினைத்த அந்த நொடியில் திரையில் அந்த அம்மா கஞ்சிப் பானையைத் திறந்தாள். மூன்று பேருக்கும் சமமாகத்தான் ஊற்றச் சொல்கிறான் அவன். நியாயமானவன். அவனுக்குத் தட்டில், குழந்தைக்குக் கிண்ணத்தில். அவளுக்கு ஊற்றப் போகும்போது கரண்டி பானைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. நீங்க சாப்பிடுங்க என்கிறாள். நான் பொறவு சாப்பிட்டுக்கிடுதேன்.

அந்த நடிகை சென்னைப் பெண்தான், ஆனால் குரல் வடிவின் குரல். பொறவு என்கிறபோது ஒரு இறக்கம் இருக்கும், பேச்சை அத்தோடு மூடி வைப்பது போல, அதை எங்கே போய்க் கற்றுக்கொண்டாளோ. வடிவின் அந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன். காலை ஷிப்ட், மதிய ஷிப்ட், விடுப்பு நாள், தீபாவளி, கறி எடுத்த ஞாயிற்றுக்கிழமை. நான் தட்டில் கை வைப்பதற்கு முன்னால் நீயும் உக்காரேன் என்று கேட்பேன், கேட்டிருக்கிறேன், கேட்காதவன் இல்லை நான். ஆனால் கேட்கும்போதே கை சோற்றைப் பிசைய ஆரம்பித்திருக்கும். அவள் சொல்வாள். நான் தலையாட்டுவேன். அது ஒரு பதில் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை, ஏப்பம் போல, விசில் போல ஒரு சத்தம், அதைக் கேட்டால் சாப்பிட ஆரம்பிக்கலாம். பஸ் ஸ்டாண்டில் யாரிடமாவது அப்படிச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியுமா? ராஜபாளையம் வண்டி எப்ப என்று வந்து நிற்பார்கள், நான் வேலையில் மூழ்கிப் பொறவு வரும்யா என்று சொல்லிவிட்டால் போதும், பொறவுன்னா எப்ப வே, மணியச் சொல்லும் வே, அதுக்குத்தான உமக்குச் சம்பளம் என்று நான் உட்கார்ந்திருக்கும் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். ஊர் பேர் தெரியாதவர்கள் கேட்டார்கள். மணியைச் சொல்வதே என் தொழில். பொறவுன்னா எப்ப என்று வீட்டில் ஒரு தடவை நான் கேட்டதில்லை. திரையில் அவன் தலையாட்டுகிறான். தட்டைத் தூக்கிக் குடிக்கிறான். தொண்டை ஏறி இறங்குவதை மட்டும் பக்கத்தில் காட்டுகிறாள் என் மகள், இவ்வளவு நேரமா காட்டுவது, போதும்.

டாக்டர் கேட்டார், என்னம்மா சாப்பிடுவீங்க? வடிவு அடுப்படியில் மயங்கி விழுந்த மறுநாள். உடம்பில் ரத்தமே இல்லை என்றார், கண் இமையைக் கீழே இழுத்துக் காட்டினார், வெள்ளைக் காகிதம் போல இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், எல்லாம் சாப்பிடுவா சார், வீட்ல ஒரு குறையும் கிடையாது. பொய் இல்லை. பொய் சொல்கிறோம் என்று தெரிந்திருந்தால் பரவாயில்லையே. அரிசி நான்தான் வாங்குகிறேன், காய்கறி நான்தான் வாங்குகிறேன், மிச்சம் வீணாய்ப் போனதாகவும் இல்லை, அப்படியென்றால் அவள் சாப்பிட்டிருக்க வேண்டும்தானே. பிரியா அன்றைக்கே வந்தாள், என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை, சண்டை போட்டிருக்கலாம், அம்மாவை ஒரு மாசம் கூட்டிட்டுப் போறேம்ப்பா என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு மாதத்தில் ஒரு நாள் ஓட்டலில் வாங்கிய சாப்பாட்டைப் போட்டுக்கொள்ள அடுப்படிக்குள் போனேன். என் தட்டு இருந்தது, பெரிய விளிம்புத் தட்டு, என் பெயர் வெட்டியது, கல்யாணத்துக்கு மாமனார் வாங்கித் தந்தது. பிரியாவின் தட்டு இருந்தது, சின்னது, அதிலும் பெயர் வெட்டியிருக்கிறது. மூன்றாவது தட்டைத் தேடினேன். விருந்தாளிகளுக்கு என்று கட்டி வைத்த தட்டுகள் பரணில் இருந்தன, கயிறு பிரிக்காமல். குடம், தூக்குவாளி, சம்படம், எல்லாவற்றிலும் யாரோ ஒருத்தர் பெயர் இருந்தது. வடிவின் பெயர் வெட்டிய தட்டு இல்லை. தன்னோடு எடுத்துப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைத்தால்தான் அன்றைக்குச் சாப்பிட முடியும் போலிருந்தது. காலையில் பிரியா வீட்டில் இட்லி தின்றுகொண்டே அலமாரியைப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. அப்படியென்றால் இத்தனை வருஷம் அவள் எதில் சாப்பிட்டாள்? கல்யாண வீட்டில் பெண்கள் வேறு பந்தி. ரயிலில் போனால் அவள் எதுவும் சாப்பிட மாட்டாள், வண்டி ஆட்டத்துக்கு ஒத்துக்காது என்பாள். அவள் ஒரு வாய் சோறு தின்பதை நான் எப்போது பார்த்திருக்கிறேன் என்று யோசிக்கிறேன். கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்தார்களே, அப்போது. தலையைக் குனிந்திருந்தாள், வாய் தெரியவில்லை. திரையில் அந்த அம்மா, மற்ற இருவரும் தூங்கியதும், பானை மூடியை மல்லாத்தி வைத்து அதில் தனக்கான கஞ்சியை ஊற்றுகிறாள். மூடி. பானை மூடி. வடிவு சாப்பிட்டதும் அதில்தானா? பிரியாவுக்கு எப்படித் தெரியும்?

தெரியாமல் எப்படி இருக்கும். பத்தாவது படிக்கும்போதிருந்து அவளும் என்னோடு உட்காருவதை விட்டுவிட்டாள், நீங்க சாப்பிடுங்கப்பா, நான் அம்மாகூட. நான் சாப்பிட்டு எழுந்து கட்டிலில் சாய்ந்திருப்பேன், அடுப்படிக் கதவு பாதி சாத்தியிருக்கும், உள்ளே இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள், எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும், என்னைப் பற்றித்தான் இருக்கும், ஏட்டி சத்தத்தக் கொறங்க, மனுசன் ஷிப்ட் முடிச்சு வந்து கண்ணயர வேண்டாமா என்று கத்தியிருக்கிறேன். சிரிப்பு நின்றுவிடும். கட்டிலிலிருந்து அந்தக் கதவுக்கு ஒரு எட்டு. எழுந்து போயிருக்கலாம். போய் வாசல்படியில் சும்மா உட்கார்ந்திருக்கலாம், என்னத்தட்டி சிரிக்கிய என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், ஒருவேளை நானும் சிரித்திருப்பேன். ஒரு எட்டுதான். இந்த இருட்டில் வடிவின் கை நாற்காலிக் கட்டையில்தான் இருக்கும், அதற்கு ஒரு எட்டுகூட இல்லை. தொடலாமா? தொட்டால் விலக்கிக்கொள்வாளோ என்று பயம். விலக்காமல் அப்படியே வைத்திருப்பாளோ என்று அதைவிடப் பயம், பானை மூடி மாதிரி, ஊற்றியதை வாங்கிக்கொண்டு.

அவள் செத்துப்போனாள். திரையில். நான் கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், பெரிய இசை ஒன்றும் இல்லாமல், அடுப்புக்குப் பக்கத்தில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அவனுக்குப் புரியவே இல்லை. நாய் கடிக்கவில்லை, சாம்பல் மூச்சை அடைக்கவில்லை, கதவு பூட்டியிருக்கிறது, இழுத்து இழுத்துப் பார்க்கிறான் பைத்தியக்காரன், கதவு வழியாக ஏதோ வந்து அவளைக் கொண்டுபோனது போல. வெளியே இருந்து வரும் எல்லாவற்றுக்கும் அவன் காவல் இருந்தான். பிறகு குழந்தை டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறது. உள்ளே வற்றல். அடுப்புப் புகையில் காயவைத்த கஞ்சி வற்றல், அடுக்கடுக்காக, ஒவ்வொன்றும் பானை மூடி அளவு வட்டம். மூடியில் ஊற்றியதை அவள் குடிக்கவும் இல்லை. அவன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கிறான். இன்னும் எத்தனையோ நாளைக்கு அவர்கள் இரண்டு பேரும் பிழைத்துக் கிடக்கலாம், அவ்வளவு இருக்கிறது. இதோடு முடித்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அவன் வற்றலை உடைத்து ஒரு பாதியைக் குழந்தையிடம் நீட்டுகிறான். குழந்தை அதைப் பார்க்கிறது, அவனைப் பார்க்கிறது, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்கிறது, அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்கிறது. நீங்க சாப்பிடுங்கப்பா. நான் பொறவு சாப்பிட்டுக்கிடுதேன். வேண்டாம்ல, தலையாட்டாத என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அவன் தலையாட்டினான். பற்கள் வற்றலைக் கடிக்கும் சத்தம். இருட்டு. அந்த இருட்டில் பக்கத்திலிருந்து வளையல் சத்தம் கேட்டது, அழுகிறாள் என்று நினைத்தேன். கை தட்டிக்கொண்டிருந்தாள்.

வெளியே சின்ன வராந்தாவில் டீயும் போண்டாவும் வைத்திருந்தார்கள். கண் கூசியது. பிரியாவைச் சுற்றி ஒரு கூட்டம், அவள் அங்கிருந்தே என்னைப் பார்த்தாள், கிட்டே வரவில்லை, நான் ஏதாவது சொல்வேனா என்று பார்க்கிறாள், பரீட்சைத் தாளை நீட்டும்போது பார்ப்பாளே அதே பார்வை. கண்ணாடி போட்ட ஒரு தம்பி வந்து, அங்கிள், பிரியாவோட அப்பாதான நீங்க, எங்களுக்குள்ள ஒரே சண்டை, படத்துல வர்ற அப்பா நல்லவனா கெட்டவனா, நீங்க சொல்லுங்க என்றான். நான் வடிவைப் பார்த்தேன். வடிவுதான் சொன்னாள், அவருக்குப் பசிச்சிருக்கு தம்பி, அவ்வளவுதான். அவன் ஏதோ பெரிய தத்துவம் கேட்டதுபோல நின்றான். அவள் அதற்குள் அம்மாவாக நடித்த பெண்ணைப் பிடித்து, ஏட்டி, இப்படி வத்திப்போய்க் கிடக்க, எம் மவ சூட்டிங்குல பட்டினி போட்டாளா என்று கன்னத்தைத் தொட, அந்தப் பெண் சிரித்து, இல்ல ஆன்ட்டி, டெய்லி பிரியாணி, மேக்கப்லதான் செத்தேன் என்றது. வடிவு சிரித்தாள். சத்தமாக. பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு இதுதான், முகத்தோடு பார்ப்பது இப்போதுதான். ஒரு பையன் காகிதத் தட்டில் போண்டா கொண்டுவந்து எனக்குத்தான் முதலில் நீட்டினான். அவள் பக்கம் நீட்டினேன். நீ சாப்பிடு. நான் பொறவு சாப்பிட்டுக்கிடுதேன். என் வாயில் அது ஒட்டாமல் தொங்கியது. அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, ஒங்களுக்கு அந்த வசனம் வரல, பேசாம இருங்க என்றாள், ஆனால் தட்டை வாங்கிக்கொண்டாள். சுவர்ப் பக்கமாகத் திரும்பப் போனவள் திரும்பாமல் நின்றாள். போண்டாவைப் பிட்டு முதலில் மொறுமொறு விளிம்பைத் தின்றாள். இடப்பக்கமே மென்றாள், வலப்பக்கம் பல் வலியாக இருக்க வேண்டும், எத்தனை வருஷ வலியோ. கண்ணை லேசாக மூடிக்கொண்டு மென்றாள். இவ்வளவு ருசித்துத் தின்கிறவளா இவள்.

சட்டைப் பையில் இருந்த டிக்கெட்டைத் தொட்டுக்கொண்டே வண்டிக்கு நேரமாச்சு வடிவு என்றேன். சொல்ல நினைத்தது அது இல்லை, வாய்க்குப் பழகியது அதுதான். அவள் மெல்வதை நிறுத்தாமல், எப்போதும் போல ஒரு சண்டையும் இல்லாத குரலில் சொன்னாள், நீங்க போங்க. நான் பொறவு வாரேன். அந்த இறக்கம். பேச்சை மூடி வைக்கும் இறக்கம். என் தலை தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கிவிட்டது, இத்தனை வருஷப் பழக்கம், பாதி ஆட்டத்தில் பிடித்து நிறுத்துவதற்குக் கழுத்து நரம்பெல்லாம் வலித்தது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து பிரியா பார்த்துக்கொண்டிருந்தாள். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் முகமெல்லாம் ஞாபகம் வந்தது.

“பொறவுன்னா எப்ப வடிவு?”

கேட்டதும் அவள் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கேலிக்கா கேட்கிறேன் என்று பார்த்திருப்பாள். பிறகு மிச்சப் போண்டாவையும் வாயில் போட்டுக்கொண்டு, கன்னம் உப்ப, கையை உயர்த்தி, பொறுங்க என்பதுபோலக் காட்டினாள்.

“வாயில இருக்குல்லா. தின்னு முடிச்சிட்டுச் சொல்லுதேன்.”

தட்டில் இன்னும் ஒன்று இருந்தது. அவள் அதை எடுத்து, முதலில் விளிம்பைப் பிட்டாள். அவசரமே இல்லை. நான் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவள் தின்று முடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.